மேரி ஆன் ஹாஃபன்: 80 நாள் நடையும் மீதி வாழ்க்கையும்

சில வருடங்களுக்கு முன் ஒரு நண்பருக்காக வம்சாவளி ஃபைல்களைப் படிக்கிற சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுத வேண்டி வந்தது. குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு ஜெட்காம் என்ற ஃபைல் வடிவம் தெரிந்திருக்கும். இதை 1984-ல் உருவாக்கியது மோர்மன் சபை. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபை என்பது அவர்களுடைய முழுப் பெயர். இறந்துபோன முன்னோர்களுக்காகவும் ஞானஸ்நானம் எடுக்கிற சபை அது. அதனால் யார் யாருக்குப் பிறந்தார், யார் யாரை மணந்தார் என்பது அவர்களுக்கு வெறும் பொழுதுபோக்குத் தகவல் இல்லை, மதக் கடமை.

அந்த வடிவத்தில் 'குடும்பம்' என்று ஒரு பதிவு உண்டு. அதில் கணவனுக்கு ஒரு இடம், மனைவிக்கு ஒரு இடம், பிள்ளைகளுக்கு எத்தனை வேண்டுமானாலும். ஒரு ஆணுக்கு நான்கு மனைவிகள் என்றால்? நான்கு தனித்தனிக் குடும்பப் பதிவு போட வேண்டும். ஒரே ஆள் நான்கு இடத்திலும் கணவனாக வருவார். மனைவிகளுக்கு இடையே எந்த இணைப்பும் கிடையாது. அரை நூற்றாண்டு பலதார மணத்தோடு வாழ்ந்த ஒரு சமூகம் உண்டாக்கிய வடிவத்திலேயே இப்படி இருப்பது எனக்கு அப்போது வேடிக்கையாக இருந்தது. டிசைன் ஓட்டை என்றுகூட நினைத்தேன். மேரி ஆன் ஹாஃபனின் நினைவுக் குறிப்புகளைப் படித்த பிறகு அப்படி நினைக்கவில்லை. அந்தப் பதிவு உண்மையைத்தான் சொல்கிறது. அந்த வீடு நிஜமாகவே தனியாகத்தான் இருந்தது.

புத்தகத்தின் பெயர் '1860-ன் ஒரு கைவண்டி முன்னோடியின் நினைவுகள்'. 1938-ல் டென்வரில் சொந்தச் செலவில் அச்சிட்டது. எழுதியவருக்கு அப்போது வயது 84. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பகுதியில் 1854-ல் பிறந்து, 1946-ல் இறந்தவர். இடைப்பட்ட தொண்ணூறு சொச்சம் வருடங்களில் அட்லாண்டிக்கைக் கடந்தார், அமெரிக்கப் புல்வெளியைக் கால்நடையாகக் கடந்தார், பாலைவன ஓரத்தில் விவசாயம் செய்தார், பிள்ளைகளை வளர்த்தார். அந்தப் பிள்ளைகளில் ஒருவர் லெராய் ஹாஃபன், பின்னாளில் கொலராடோ மாநிலத்தின் அரசு வரலாற்றாசிரியர். புத்தகம் அச்சேறியதற்கு அவர்தான் முக்கியக் காரணம். 1960-ல் அவரும் மனைவியும் சேர்ந்து கைவண்டிப் பயணங்களைப் பற்றி எழுதிய நூல் இன்றுவரை இந்த விஷயத்தில் எல்லோரும் முதலில் எடுக்கிற நூல்.

முதலில் கைவண்டி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் மதம் மாறிய ஏழைகளுக்கு மாட்டு வண்டி வாங்கப் பணம் இல்லை. அதனால் 1856-லிருந்து 1860 வரை பத்துக் குழுக்களாக, கிட்டத்தட்ட 3,000 பேர், இரண்டு சக்கர மரவண்டியில் மூட்டை முடிச்சுகளை ஏற்றிக் கையாலேயே இழுத்துக்கொண்டு யூட்டா போய்ச் சேர்ந்தார்கள். 1856-ல் தாமதமாகக் கிளம்பிய இரண்டு குழுக்கள் பனியில் மாட்டி 200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். மேரி ஆன் வந்தது பத்தாவது குழுவில், அதாவது கடைசிக் குழுவில். நெப்ராஸ்காவின் ஃப்ளாரன்ஸிலிருந்து ஜூலைத் தொடக்கத்தில் கிளம்பி செப்டம்பர் 24 அன்று சால்ட் லேக் சிட்டி சேர்ந்தது அது. ஏறக்குறைய 80 நாட்கள். அப்போது அவருக்கு வயது ஆறு.

இந்தப் பயணப் பகுதிதான் புத்தகத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டுவது. காட்டத் தகுந்ததுதான். அம்மாவின் கால் வீங்கிச் செருப்புப் போட முடியாமல் துணியைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார். பாலுக்காக வாங்கிய பசுவை அப்பா வண்டியில் பூட்டிப் பார்க்கிறார், அம்மாவும் ஏறி உட்காரலாமே என்று. கொஞ்ச நாள் சரியாகப் போகிறது. ஒருநாள் எதிரே குதிரையில் வந்த செவ்விந்தியர்களின் அணிமணிச் சத்தத்தில் பசு மிரண்டு, குழந்தைகள் இருந்த வண்டியோடு ஓடிப் பள்ளத்தில் கவிழ்கிறது. பெட்டிக்கும் படுக்கைக்கும் அடியில் கிடந்த குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கப்புறம் அப்பா பசுவைத் தன் வண்டியில் பூட்டவே இல்லை. மூன்று டேனிஷ் பையன்களிடம் பசுவைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு அவர்களில் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து தன் வண்டியை இழுக்க உதவும்படி ஏற்பாடு செய்துகொண்டார். இந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. மதப் பயணம்தான், ஆனால் யாரும் கணக்கை மறக்கவில்லை.

இன்னொரு காட்சி. காட்டெருமை மந்தை ஒன்று எதிர்ப்பட, ஆண்கள் இரண்டைச் சுட்டு வீழ்த்துகிறார்கள். குடும்பத்துக்கு ஒரு துண்டு இறைச்சி. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு என்று அப்பா அதை வண்டியில் வைக்கிறார். பின்னாலிருந்து வண்டி தள்ளும் அண்ணன் ஜானுக்கு எப்போதும் பசி. மூக்குக்கு நேரே இறைச்சி வாசனை. சின்னப் பேனாக்கத்தியால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, ருசி போய் வெளுக்கும்வரை மென்றுகொண்டே தள்ளுகிறான். விஷயம் வெளிப்பட்டு, அடி விழும் என்று காத்திருக்கும்போது அப்பா திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். ரேஷன் குறைந்த நாட்களில் அந்த அப்பாவே தன் பங்கில் பாதியைப் பால் கொடுக்கும் மனைவிக்குக் கொடுத்துவிட்டு இழுத்துக்கொண்டிருந்தவர்.

இதில் கவனிக்க வேண்டியது, இறைச்சிக் கதை தன்னுடைய நினைவு இல்லை, அண்ணன் சொன்னது என்று மேரி ஆன் தெளிவாகவே சொல்லிவிடுகிறார். ஆறு வயதுக் குழந்தைக்கு எது நினைவிருக்கும், எது பிறகு கேள்விப்பட்டது என்று பிரித்துச் சொல்கிற நேர்மை அது. அவருடைய சொந்த நினைவு எது என்று தேடினால், பழைய செவ்விந்திய முகாம் இருந்த இடத்தில் ஒரு ராத்திரி தங்கியபோது எறும்புப் புற்றுகளில் வண்ண வண்ண மணிகள் கிடந்தன என்கிறாரே, அதைத்தான் சொல்வேன். வேறு யாரும் இதை எழுத மாட்டார்கள். பெரியவர்கள் பசியைப் பார்த்தார்கள். குழந்தை குனிந்து எறும்புப் புற்றைப் பார்த்திருக்கிறது.

சரிபார்க்கிற புத்தி எனக்குப் போகாது. குதிரை அஞ்சல் தங்களைக் காற்று மாதிரி கடந்து போனது என்கிறார். போனி எக்ஸ்பிரஸ் ஓடியது 1860 ஏப்ரலிலிருந்து 1861 அக்டோபர் வரை மட்டும்தான். பத்துக் கைவண்டிக் குழுக்களில் அதைப் பார்த்திருக்கக்கூடியவை 1860-ல் போன கடைசி இரண்டு மட்டுமே. தேதி பொருந்துகிறது. மகன் வரலாற்றாசிரியர் என்பதால் அவர் நினைவூட்டிச் சேர்த்திருக்கவும் வாய்ப்புண்டு, அதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இதுவரை நான் புகழ்ந்தேன். இனி என் மனத்தாங்கல்.

80 நாட்களை இவ்வளவு நுணுக்கமாகச் சொன்னவர், தன் கல்யாணத்துக்கு வரும்போது வாயை மூடிக்கொள்கிறார். 1861 கடைசியில் பிரிகாம் யங்கின் உத்தரவுப்படி சுவிஸ் குடும்பங்கள் தெற்கு யூட்டாவின் சான்டா கிளாராவுக்குப் போகின்றன. உள்நாட்டுப் போரால் பருத்தி கிடைக்காமல் போனதால் அந்த வெப்பமான பகுதியில் பருத்தி விளைவிக்கச் சொன்ன காலம் அது. போய்ச் சேர்ந்த சில வாரங்களிலேயே, 1862 தொடக்கத்தில், வெள்ளம் வந்து அங்கிருந்த கோட்டையை அடித்துக்கொண்டு போனது. அந்த ஊரில் வளர்ந்தார். ஏற்கனவே மணமான ஒருவருக்கு மனைவியாகக் கொடுத்தார்கள். கல்யாணமான சில நாட்களிலேயே அவர் விபத்தில் இறந்துபோனார். பிறகு ஜான் ஹாஃபனுக்கு, அங்கேயும் முதல் மனைவி இருக்க, இன்னொரு மனைவியாகப் போனார்.

ஒரு பெண்ணின் வாழ்க்கையை மாற்றிப் போட்ட விஷயங்கள் இவை. பசு மிரண்டதைவிடச் சுருக்கமாக வந்து போகின்றன. முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. சபை வாயை அடைத்திருக்கிறது, அல்லது மகன் எடிட் பண்ணியிருக்கிறார் என்று என் நோட்டில் எழுதியும் வைத்தேன்.

அந்தக் கோபத்துக்குத் தீனி போட்டது இன்னொரு புத்தகம். ஆனி கிளார்க் டேனரின் 'ஒரு மோர்மன் தாய்'. ஹாஃபனின் புத்தகம் வந்து மூன்றே வருடத்தில், 1941-ல், அதுவும் தனிச்சுற்றுக்காகத்தான் வந்தது. டேனர் 1864-ல் யூட்டாவில் பிறந்தவர், படித்தவர். 1883-ல் ரகசியமாக ஒரு கல்லூரி ஆசிரியருக்கு இரண்டாம் மனைவியானார். கல்யாணம் முடிந்து பெற்றோர் வீட்டுக்கு வந்து ரொட்டியும் பாலும் சாப்பிட உட்காரும்போது, இதுதான் நம் கல்யாண விருந்து என்று அவருக்குத் தோன்றுகிறது. சட்டத்துக்குப் பயந்து ஒளிந்து வாழ்ந்தார். பத்துப் பிள்ளைகள். 1913-ல் கணவர் இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டேனர் இதையெல்லாம் எழுதுகிறார், எழுதி, பலதார மணம் பெண்களுக்கு என்ன செய்தது என்று நேரடியாகவே கேட்கிறார். இத்தனைக்கும் பக்தி குறைந்தவர் இல்லை.

ஆக, பேச முடியாத காலம் என்று சொல்ல முடியாது. அதே காலத்தில் அதே சபைக்காரர் ஒருவர் பேசியிருக்கிறார். அப்படியானால் மேரி ஆன் ஏன் பேசவில்லை?

இந்தக் கேள்விக்கு ரெடிமேட் பதில் இரண்டு உண்டு. சபைக்காரர்களின் பதில்: அவர் விசுவாசத்தின் உருவம், முறையிடாமல் சுமந்தவர், முன்னோடித் தாய். இன்னொரு தரப்பின் பதில்: அவர் ஒடுக்கப்பட்டவர், தன் துயரத்தைச் சொல்லக்கூட வார்த்தை இல்லாதவர். எதிரெதிராகத் தெரிந்தாலும் இரண்டுமே ஒரே வேலையைத்தான் செய்கின்றன. அவர் சொல்லாததை நிரப்புகின்றன. அவர் சொன்னதை இரண்டுமே சரியாகப் படிப்பதில்லை. என் நோட்டில் எழுதி வைத்ததும் அதே தப்புதான் என்பது இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் புரிந்தது.

அப்படியென்ன சொன்னார்? 1891-ல், 37 வயதில், பிள்ளைகளோடு நெவாடாவின் பங்கர்வில்லுக்குக் குடிபோகிறார். சான்டா கிளாராவில் நிலம் போதவில்லை என்பது அவர் சொல்லும் காரணம். வர்ஜின் ஆற்றங்கரையில் 1877-ல் மோர்மன்கள் கூட்டுப்பண்ணையாக ஆரம்பித்த கிராமம் அது. சுற்றிலும் பாலைவனம், மெஸ்கீட் புதர். நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் பங்காளிச் செடி அது. மண் தரை வீடு. ஆற்றில் வெள்ளம் வந்தால் அணை போகும், அணை போனால் வாய்க்காலில் தண்ணீர் நிற்கும், மறுபடி எல்லோரும் போய்க் கட்ட வேண்டும்.

கணவர் கூட வந்து இருக்கவில்லை. அவர் சான்டா கிளாராவின் பிஷப். மோர்மன் பிஷப் என்றால் அங்கி போட்ட துறவி இல்லை. சம்பளம் வாங்காத, விவசாயம் செய்துகொண்டே ஊர்ச் சபையை நடத்துகிற குடும்பஸ்தர். ஊரை விட்டு நகர முடியாது, வேறு குடும்பங்களும் உண்டு. வீடும் கொஞ்சம் நிலமும் கொடுத்தார், தானிய தவசம் கொஞ்சம் கொடுத்தார், அவ்வப்போது வந்து போனார். மற்றதெல்லாம் என் பொறுப்பு, கணவருக்குப் பாரமாக இருக்க நான் விரும்பவில்லை, என் குடும்பத்தை வைத்து நானே சமாளித்தேன் என்ற பொருளில் எழுதுகிறார். அப்புறம் வரிசையாகக் கணக்கு. கீரை காய்க்கு எப்போதும் ஒரு தோட்டம் போட்டது. வாரம் இரண்டு தடவை அதற்குத் தண்ணீர் பாய்ச்சி, களை எடுக்க எவ்வளவு நேரம் போனது. இரண்டு பன்றி, ஒரு பசு, சில கோழிகள். பங்குக்குப் பருத்தி எடுக்கப் போனது. பிள்ளைகளின் துணியைத் தானே தைத்தது.

முதல் வாசிப்பில் இந்தப் பக்கங்களை நான் வேகமாகப் புரட்டிவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். இங்கே ஒரு வரலாற்றாசிரியரின் உதாரணம் எனக்கு உதவியது. லாரல் தாட்சர் உல்ரிச், இவரும் மோர்மன்தான், மெய்ன் மாநிலத்து மருத்துவச்சி மார்த்தா பாலர்டின் 27 வருட நாட்குறிப்பை வைத்து எழுதிய நூலுக்கு 1991-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அதற்கு முன் அந்த நாட்குறிப்பைப் பார்த்தவர்கள், நூற்றதும் நெய்ததும் துவைத்ததும்தானே இருக்கிறது என்று ஒதுக்கியிருந்தார்கள். அந்தச் சில்லறைக் குறிப்புகளையே எண்ணிக் கோத்து உல்ரிச் ஒரு ஊரின் பொருளாதாரத்தையே வெளியே கொண்டுவந்தார். மெஷின் லாக் படிக்கிற எங்கள் ஆட்களுக்கு இது புதிதில்லை. பிழைச்செய்தி எங்கே என்று மட்டும் தேடினால் எதுவும் புரியாது. எந்த வேலை எத்தனை தடவை, யார் பெயரில் ஓடியது என்று பார்த்தால்தான் விஷயம் வெளியே வரும்.

அப்படிப் பார்த்தால் பங்கர்வில் பக்கங்களில் எழுவாய் யார்? 'நான்'. கல்யாணப் பகுதியில் மற்றவர்கள் ஆலோசனை சொல்கிறார்கள், மற்றவர்கள் முடிவெடுக்கிறார்கள், அவருக்கு நடக்கிறது. தோட்டத்துக்கு வந்ததும் அவர் செய்கிறார். கணவர் கொடுத்தது இன்னது, நான் செய்தது இன்னது என்று இரண்டு பத்தி போட்டுப் பிரித்து வைத்திருக்கிறார். பசுவுக்குப் பதில் ஆள் உதவி வாங்கிக்கொண்ட அப்பாவின் மகள் இல்லையா? குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கைப் பேரப்பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று 84 வயதில் ஒருவர் அச்சில் போடுகிறார் என்றால், அது சும்மா இல்லை. டேனர் கேள்வியாகக் கேட்டதை இவர் கணக்காக எழுதியிருக்கிறார் என்றுதான் நான் இப்போது படிக்கிறேன்.

இதை வைத்து எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. புத்தகத்துக்குக் குறைகள் உண்டு, அவற்றுக்கு விலையும் உண்டு. ஜான் ஹாஃபனின் மற்ற மனைவிகளின் தரப்பு இங்கே நமக்குக் கிடைப்பதில்லை. இவர் கணவர் இல்லாமல் சமாளித்த நாட்களில் அந்த வீடுகளில் என்ன நடந்தது, இவர் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது ஏற்கனவே அங்கே இருந்தவர் என்ன நினைத்தார் என்பதற்கு அவர்களுடைய குரலில் பதில் இல்லை. அதே ஜெட்காம் பிரச்சினைதான், பதிவுகளுக்கிடையே இணைப்பு கிடையாது.

இன்னொன்று சட்டம். பலதாரக் குடும்பமாக வாழ்ந்தாலே ஆறு மாதம் சிறை, 300 டாலர் அபராதம் என்ற எட்மண்ட்ஸ் சட்டம் 1882-ல் வந்தது. புதிய பலதார மணங்களுக்குச் சபை அனுமதி கிடையாது என்று தலைவர் உட்ரஃப் அறிவித்தது 1890-ல். மேரி ஆன் பங்கர்வில் போனது அடுத்த வருடம். லெராய் பிறந்தது 1893 டிசம்பரில். கூட்டிக் கழித்தாலே, அறிவிப்புக்குப் பிறகும் இந்தத் திருமணம் திருமணமாகவே நீடித்தது என்று தெரிகிறது. பல குடும்பங்களில் அதுதான் நிலைமை. கட்டிய மனைவியைக் கைவிடச் சொன்னதாகப் பலர் அந்த அறிவிப்பைப் புரிந்துகொள்ளவில்லை. ஆனால் சட்டத்தின் கண்ணில் தான் மனைவியே இல்லை என்ற நிலை ஒரு பெண்ணுக்கு எப்படி இருந்திருக்கும்? அரசியல் மாற்றம் ஒன்று தன் படுக்கையறைவரை வந்ததை அவர் எப்படிப் பார்த்தார்? இங்கே அவருடைய மௌனத்தை என்னால் கணக்காகப் படிக்க முடியவில்லை. அது மௌனம் மட்டும்தான்.

மகனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதே பங்கர்வில்லில் 1898-ல் பிறந்தவர் வுவானிட்டா புரூக்ஸ். 1857-ல் மௌண்டன் மெடோஸில் மோர்மன் படையினர் பயணிகள் சுமார் 120 பேரைக் கொன்ற சம்பவத்தை, சபைக்குள் இருந்துகொண்டே ஆராய்ந்து 1950-ல் புத்தகம் போட்டவர். உள்ளூரில் அதற்காக ஒதுக்கப்பட்டும் சபையை விட்டுப் போகாதவர். ஒரே சின்ன கிராமத்திலிருந்து இரண்டு வரலாற்றாசிரியர்கள். ஒருவர் ஊர் பெருமைப்படுவதை எழுதினார், இன்னொருவர் ஊர் மறைத்ததை எழுதினார். லெராய் நல்ல உழைப்பாளி, சந்தேகமில்லை. ஆனால் அம்மாவின் புத்தகத்துக்குக் 'கைவண்டி முன்னோடி' என்று பெயர் வைத்ததில் அவருடைய துறையின் ரசனை தெரிகிறது என்றே நினைக்கிறேன். தொண்ணூறு வருட வாழ்க்கைக்கு 80 நாட்களின் பெயர். மீதியெல்லாம் துணைத்தலைப்பில், 'யூட்டாவிலும் நெவாடாவிலும் எல்லைப்புற வாழ்க்கை பற்றிச் சில குறிப்புகளுடன்' என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1983-ல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பதிப்பகம் மறுபதிப்பு போட்டபோது தலைப்பை அப்படியே வைத்து, துணைத்தலைப்பை மட்டும் 'மோர்மன் எல்லைப்புறத்தில் ஒரு பெண்ணின் வாழ்க்கை' என்று மாற்றியது. 45 வருடம் ஆகியிருக்கிறது, 'சில குறிப்புகள்' என்பது 'வாழ்க்கை' ஆக.

பக்தியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று கேட்கலாம். அவரும் அதைத் தனியாக வாதிட்டு நிறுவவில்லை. தேவன் இருக்கிறாரா, சபை சரியா என்ற கேள்விகள் அவர் உலகத்தில் இல்லை. தண்ணீர் முறை எப்போது வரும் என்பது இருக்கிறது. நம்பிக்கை இல்லாத என்னைப் போன்றவனுக்கு இங்கேதான் ஒரு இடறல். அந்த நம்பிக்கைதான் அவரைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தது, இன்னொருத்தியின் வீட்டுக்குள் கொண்டுபோய் விட்டது, பாலைவனத்தில் தனியாக வைத்தது. தனியாக நின்றபோது தாங்கிப் பிடித்ததும் அதே நம்பிக்கை, அதே ஊர்ச் சபை. ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட முடியவில்லை. டேனரைப் படிக்கும்போது அவர் பக்கம் நின்று கோபப்பட முடிகிறது. ஹாஃபன் அந்த வசதியை நமக்குக் கொடுப்பதில்லை.

படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. கைவண்டிப் பகுதியை முதலில் படிக்காதீர்கள். பங்கர்வில்லில் ஆரம்பியுங்கள். தோட்டம், பசு, பருத்தி, தண்ணீர் முறை எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்துவிட்டு, அப்புறம் முதலுக்கு வாருங்கள். வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுகிற அண்ணனையும், தன் பங்கைக் கொடுத்துவிட்டு இழுக்கிற அப்பாவையும், புற்றில் மணி பொறுக்குகிற ஆறு வயதுக் குழந்தையையும் அப்போது பாருங்கள். எனக்கு அந்த வரிசையில்தான் புத்தகம் புரிந்தது. என் நோட்டில் 'மகன் எடிட் பண்ணியிருக்கிறார்' என்று எழுதியிருந்த வரியை அடிக்கவில்லை, கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். அதற்குக் கீழே, 'வாரம் இரண்டு தடவை தண்ணீர்' என்று மட்டும் சேர்த்திருக்கிறேன்.